தாள் விமானமும் தகட்டு விமானமும்

திறனாய்வு என்பது கவிதைக்கும் கதைக்கும் நாடகத்திற்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஓவியத்தையும் சிற்பத்தையும் ஓரளவு சேர்த்துக்கொள்வோம். ஆனால், சிறுவர்கள் வெட்டி ஒட்டும் தாள் பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளை ஆராயத் தொடங்கினால், 'இவருக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்போர் இருப்பர். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம் எனலாம்.

என்னிடம் முன்பு தமிழ் பயின்று, இப்போது பொறியியல் துறையில் பணிபுரியும் மாணவர் ஒருவர் ஐரோப்பா சென்று திரும்பியபோது எனக்கொரு பரிசு கொண்டுவந்தார். கெட்டித் தாளில் வண்ணத்தில் அச்சிட்ட சில பக்கங்கள், அவ்வளவே. பக்கம் முழுவதும் கோடுகளும் எண்களும். அவற்றை வெட்டி, மடித்து, ஒட்டினால் போலந்து நாட்டுப் போர் விமானம் ஒன்று கிடைக்கும் என்றார். நானும் என் பேரனும் ஏழு வாரங்கள், சனி ஞாயிறுகளில், அதனோடு போராடினோம். அவ்விமானம் இப்போது என் புத்தக அலமாரியின் மேல் நிற்கிறது. அதை வெளியிட்டவர் பெயரை ஈண்டுக் கூறப் போவதில்லை. இத்தகைய தொகுதிகளைப் பலர் வெளியிடுகின்றனர். நான் சுட்டும் குறை ஒருவருக்கே உரியதன்று; இவ்வகைப் படைப்புகள் பலவற்றில் நேரக்கூடியதே.

மூலம்

உரையை மதிப்பிடுமுன் மூலத்தை அறிதல் முறை. ஆகவே, அவ்விமானத்தின் வரலாற்றை முதலில் காண்போம்.

முதல் உலகப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டில் போலந்து மீண்டும் தனிநாடாயிற்று. தொடக்கத்தில் அதன் விமானப் படை பெரும்பாலும் பிறநாட்டு விமானங்களையே நம்பி நின்றது. 1928-இல் வார்சாவில் பி.இசட்.எல். என்னும் அரசு விமானத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கே வந்து சேர்ந்தார் ஸிக்முந்த் புவாவ்ஸ்கி என்னும் இளம்பொறியாளர். 1901-இல் லூப்ளின் நகரில் பிறந்தவர் அவர். அப்போது வயது முப்பதைக்கூட எட்டவில்லை. அவர் வரைந்த முதல் போர் விமானமே பி.1. 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், போலெஸ்வாவ் ஒர்லின்ஸ்கி என்னும் விமானி அதை முதன்முதலாக வானில் செலுத்தினார். 1926-இல் வார்சாவிலிருந்து தோக்கியோ வரை பறந்து திரும்பிய புகழ் வாய்ந்தவர் ஒர்லின்ஸ்கி.

அக்காலத்தில் பல நாட்டுப் படைகளில் இரட்டை இறக்கை அடுக்குகளும் துணிப் போர்வையும் கொண்ட விமானங்களே மிகுதி. பி.1 ஓர் அடுக்கு இறக்கையே உடையது. முற்றும் துராலுமின் என்னும் இலேசான உலோகத்தால் ஆனது. இவற்றைவிட வியப்பளிப்பது இறக்கையின் வடிவம். உடலின் மேலே இறக்கையை நேராக வைத்தால் அது விமானியின் கண்ணை மறைக்கும். கீழே வைத்தால் தரைநோக்கு மறையும். புவாவ்ஸ்கி என்ன செய்தார்? இறக்கையின் உட்பகுதியை உடலை நோக்கித் தாழ வளைத்தார்; உடலைத் தொடும் இடத்தில் அதை மெலியச் செய்தார். பறக்கும் கடற்காகத்தின் சிறகை எதிரே நின்று பார்த்தால் எப்படித் தோன்றுமோ அப்படி அமைந்தது அது. விமானி அம்மெலிந்த பகுதிக்கு மேலாகத் தடையின்றி முன்னே பார்க்கலாம். பின்னாளில் இதைப் 'போலந்து இறக்கை' என்றும் 'புவாவ்ஸ்கி இறக்கை' என்றும் வழங்கினர்.

பி.1-இல் இரண்டே விமானங்கள் செய்யப்பட்டன. இரண்டாவது விமானம் 1930-இல் புக்காரெஸ்ட் நகரில் நடந்த போர் விமானப் போட்டியில் கலந்து, பல சோதனைகளில் முன்னணியில் நின்றது. ஆயினும் பி.1 படையில் சேரவில்லை. அதன் மூக்கில் இருந்தது ஹிஸ்பானோ-ஸுயிஸா என்னும் பிரெஞ்சுப் பொறி, நீரால் குளிர்விக்கப்படுவது, பன்னிரண்டு உருளைகளை இரு வரிசையாக, விரித்த இரு விரல்கள்போல் கொண்டது, ஏறத்தாழ 600 குதிரைத்திறன் வாய்ந்தது. போலந்து அரசோ, காற்றால் குளிர்விக்கப்படும் வட்டவடிவப் பொறியாகிய பிரிஸ்டல் ஜூபிடரை உள்நாட்டில் செய்ய உரிமம் பெற்றிருந்தது. படைத்துறை அதையே விரும்பிற்று. ஆகவே பி.1-இன் உடலும் இறக்கையும் திருத்தம் பெற்று, வட்டப் பொறியோடு பி.6, பி.7, பி.11 என வளர்ந்தன. பி.7 ஏறத்தாழ 150 செய்யப்பட்டது. புகழ் பெற்றதோ பி.11.

புவாவ்ஸ்கி அப்புகழைக் காணவில்லை. 1931-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், தாமே வரைந்த பி.இசட்.எல். 12 என்னும் நீர்-நில விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றபோது அது வீழ்ந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 29. பி.11 முதன்முதலாகப் பறந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். விட்ட பணியை யாக்கிமியுக் என்னும் பொறியாளர் தொடர்ந்தார்.

உரை

இனி உரைக்கு வருவோம். பி.1-இன் இரு விமானங்களும் இன்று இல்லை. கிராக்கோ அருங்காட்சியகத்தில் பி.11 ஒன்று இருக்கிறது; ஆனால் அதற்கு மூலமான பி.1-ஐத் தொட்டுப் பார்க்க எவராலும் இயலாது. எஞ்சியவை ஒளிப்படங்களும் வரைபடங்களும் குறிப்புகளுமே. மூலம் மறைந்தபின் உரையின் வழியே மூலத்தை உணர்வது தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. மறைந்துபோன நூல்கள் சிலவற்றை உரைகளில் எடுத்தாளப்பட்ட சூத்திரங்களால் மட்டுமே நாம் அறிகிறோம். அதுபோலவே இத்தாள் மாதிரியும், மறைந்த ஒன்றிற்கு எழுதப்பட்ட உரை. உரைக்கு நாம் வைக்கும் அளவுகோல்களையே இதற்கும் வைக்கலாம். மூலத்தின் கருத்தை விளக்குகிறதா? தன் கருத்தை மூலத்தின்மேல் ஏற்றாமல் இருக்கிறதா? மூலத்தின் குறையையும் மறைக்காமல் சொல்கிறதா? இம்மூன்றுமே நம் கேள்விகள்.

போலந்தில் தாள் மாதிரி செய்வது நெடிய மரபு. 'மாவி மொதெலாஷ்' (சிறிய மாதிரி செய்வோன்) என்னும் இதழ் 1957-இல் தோன்றி, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது. பிளாஸ்டிக்கு மாதிரிகள் அரிதாகவும் விலை மிக்கனவாகவும் இருந்த காலத்தில், தாளும் பசையும் எளியோர்க்கும் எட்டின. அம்மரபில் விமானங்களுக்கு வழக்கமான அளவு முப்பத்து மூன்றில் ஒரு பங்கு. நம் தொகுதியும் அவ்வளவே. ஏறக்குறைய 11 மீட்டர் அகன்ற இறக்கை, தாளில் 33 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. 7 மீட்டர் நீண்ட உடல் 21 சென்டிமீட்டராகிறது. பள்ளி அளவுகோல் ஒன்றின் நீளந்தான் இறக்கை என்று கொள்க.

நிறைகள்

முதல் அளவுகோலில் இத்தொகுதி பெருமளவு வெற்றி பெறுகிறது. அதற்குக் காரணம் தாளின் இயல்பு. தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக வளைக்கலாம், பந்தாக்க முடியாது. பந்தாக்க முயன்றால் கசங்கும். உலோகத் தகடும் ஏறத்தாழ இதே குணமுடையது. ஒரு திசையில் எளிதில் வளையும். இரு திசையில் வளைக்கவேண்டுமாயின் அடித்துத் தட்டி வருந்த வேண்டும். ஆகவே, தகட்டால் விமானம் செய்தவர் எந்தெந்த இடத்தில் எளிமையை நாடினார், எந்தெந்த இடத்தில் உழைப்பை ஏற்றார் என்பதைத் தாள் நம் விரலுக்கு நேரே சொல்லிவிடுகிறது. உடலின் பின்பகுதி தாளில் கூம்பு கூம்பாக, எவ்விதத் தொல்லையும் இன்றி அமைகிறது. மூக்குப் பகுதியோ இதழ் இதழாக வெட்டி இணைக்க வேண்டியதாகிறது. வார்சாவில் தகட்டுத் தொழிலாளி எங்கே பெருமூச்சு விட்டிருப்பாரோ, அங்கே நாமும் பெருமூச்சு விடுகிறோம். மரத்தில் செதுக்கிய மாதிரியிலும் பிளாஸ்டிக்கில் வார்த்த மாதிரியிலும் இவ்வுணர்வு வாராது.

இரண்டாவது நிறை, உள்ளெலும்பு. வெளித்தோற்றம் போதும் என்று விடாமல், உடலின் குறுக்குச் சட்டங்களையும் இறக்கையின் விலாக்களையும் தடித்த அட்டையில் வெட்டச் சொல்கிறது தொகுதி. ஒட்டி முடித்தபின் இவை கண்ணுக்குத் தெரியா. தெரியாத ஒன்றைச் செம்மையாகச் செய்யப் பழக்குவது எளிதான காரியமன்று. என் பேரன் ஒரு சட்டத்தைக் கோட்டிற்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டினான். 'அரை மில்லிமீட்டர்தானே தாத்தா' என்றான். முப்பத்து மூன்றால் பெருக்கிப் பார் என்றேன். உண்மை விமானத்தில் அது ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல் ஆயிற்று. மறுபடி வெட்டினான்.

மூன்றாவது நிறையே தலையாயது. படைத்துறை ஒதுக்கிய பி.1-ஐ ஏன் மாதிரியாக்க வேண்டும், புகழ் பெற்ற பி.11 போதாதா என்ற கேள்வி எனக்கு முதலில் எழுந்தது. மூக்கையும் இறக்கையையும் இணைத்த அன்றே விடை கிடைத்தது. பி.1-இன் மூக்கின்மேல் இரு புடைப்புகள் உண்டு. உள்ளே விரிந்து நிற்கும் இரு உருளை வரிசைகளை மூடும் உறைகள் அவை. அவ்விரு புடைப்புகளும் பின்னோக்கிச் சென்று, இறக்கையின் இரு தாழ்ந்த அடிகளுக்கு நேர் முன்னே வந்து நிற்கின்றன. புடைப்புகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தின் வழியே விமானியின் பார்வை ஓடுகிறது. அதாவது, பொறியின் வடிவமும் இறக்கையின் வடிவமும் விமானியின் கண்ணும் ஒரே சிந்தனையில் பிறந்தவை. பி.11-இல் இவ்வொற்றுமையைக் காண இயலாது. அதன் வட்டப் பொறி முன்னே அகன்று நின்று பார்வையைத் தடுத்தது. பின்னர் வந்த பி.11சி வகையில், பார்வையை மீட்பதற்காகவே பொறியைச் சற்றுத் தாழ்த்திப் பொருத்தினர். இறக்கை ஏன் அப்படி வளைந்தது என்னும் காரணம் பி.1-இல் தெளிவாக இருக்கிறது, பி.11-இல் காரணம் போய் வளைவு மட்டும் எஞ்சியது. பாட்டின் பிற்காலத் திருத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு முதற்படி கிடைத்தாற்போல் இருந்தது எனக்கு.

குறைகள்

இனிக் குறைகளைப் பார்ப்போம். இரண்டாவது அளவுகோல், தன் கருத்தை ஏற்றாமை. இங்கே தொகுதி தடுமாறுகிறது. பி.1-இன் ஒளிப்படங்கள் கறுப்பு வெள்ளை. தொகுதியின் வண்ணமோ சிறிதும் தயக்கமற்ற பசுமை. அவ்வண்ணத்தை எதைக் கொண்டு தேர்ந்தார் என்று ஆசிரியர் ஒரு வரியும் எழுதவில்லை. ஊகித்தது தவறன்று, உரையாசிரியர் எவரும் ஊகிப்பர். ஆயின் ஊகத்தை ஊகம் என்று குறிப்பது கடமை. 'இவ்வாறும் கொள்ளலாம்' என்று எழுதிய நம் பழைய உரையாசிரியர்களின் அடக்கம் இங்கே இல்லை. போதாக்குறைக்கு, புகைக்கறையும் எண்ணெய்க் கறையும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். போரே காணாத விமானத்திற்குப் போர்க்களத்தின் அழுக்கு எதற்கு? அழகிற்காகச் சேர்த்த பொய் அது.

இறக்கையின் தகட்டில் ஓடும் நுண்ணிய வரிமேடுகளையும் வெறுங்கோடாக அச்சிட்டதோடு நிறுத்திவிட்டனர். இதை நான் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. தாளின் தடிப்பு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். முப்பத்து மூன்றால் பெருக்கினால் எட்டு மில்லிமீட்டர். உண்மைத் தகடோ ஒரு மில்லிமீட்டரையும் எட்டாதது. தாள் தடிப்பில் மூலத்தைப் பின்பற்ற இயலாது. இயலாததைக் கேட்பது திறனாய்வாகாது.

மூன்றாவது அளவுகோலில்தான் என் மனக்குறை மிகுதி. தொகுதியின் முதற்பக்கத்தில் வரலாற்றுக் குறிப்பொன்று உண்டு. என் மாணவர் அதை மொழிபெயர்ப்பித்துக் கொடுத்தார். முழுவதும் புகழுரை. முதற் பறப்பு வெற்றி, போட்டியில் வெற்றி, உலகமே வியந்தது என்றே செல்கிறது. இதைப் படித்தபின் நாங்கள் இறக்கையை ஒட்டத் தொடங்கினோம். இடப்பக்க இறக்கையின் முன்விளிம்பில் தாளை வளைத்து விலாக்களின்மேல் போர்த்தினோம். மறுநாள் பார்த்தால், விலாவுக்கும் விலாவுக்கும் இடையே முன்விளிம்பு நெளிந்து அலை அலையாகக் கிடக்கிறது. பேரனுக்கு அழுகையே வந்துவிட்டது. 'என்னால்தான் கெட்டது, இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் தாத்தா' என்றான். எனக்கும் மனம் சோர்ந்தது. சில நாள் அதைத் தொடவில்லை.

அவ்விடைவெளியில் பி.1-ஐப் பற்றி வேறு நூல்களில் தேடிப் படித்தேன். 1929-இல் ஒர்லின்ஸ்கி முதன்முறை பறந்தபோது நடந்தது என்ன? இறக்கையின் முன்விளிம்புதான் உருக்குலைந்தது. அவர் திறமையால் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். அதன்பின் இறக்கையை வலுப்படுத்திய பிறகே விமானம் மணிக்கு 302 கிலோமீட்டர் விரைவை எட்டியது. பேரனை அழைத்து இதைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, 'அவருக்கும் இதே இடத்திலா?' என்று கேட்டான். அன்று மாலையே முன்விளிம்பிற்குள் மெல்லிய அட்டைப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டும் யோசனையைச் சொன்னவன் அவனே. இறக்கை நிமிர்ந்தது.

எங்கள் கைப்பிழைக்கும் புவாவ்ஸ்கியின் பிழைக்கும் காரணம் ஒன்றே என்று நான் வாதிடவில்லை. காற்றின் விசை வேறு, பசையின் ஈரம் வேறு. நான் சொல்வது இதுதான்: அவ்வொரு செய்தியை முதற்பக்கத்தில் இரண்டே வரியில் அச்சிட்டிருந்தால், அழுத சிறுவன் அழுதிருக்க மாட்டான். புகழ்ந்தே எழுதியவர், புகழுக்குரியவரைத் தம்மை அறியாமலே சிறுமைப்படுத்திவிட்டார். தவறே செய்யாதவர் என்று காட்டப்படும் மனிதரைக் கண்டு சிறுவன் வியப்பான். அவரைப் பின்பற்றத் துணியான். தவறு நேர்ந்த இடத்தில் நின்று திருத்தியவர் என்று காட்டினால், தானும் திருத்தலாம் என்று எழுந்து நிற்பான்.

இன்னொரு மௌனமும் உண்டு. பி.1-இன் வழிவந்த பி.7 விமானங்களால், 1933-ஆம் ஆண்டளவில் போலந்து விமானப் படை உலோகத்தாலான ஓரடுக்கு விமானங்களையே முதல் வரிசையில் நிறுத்திய முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. அதைச் சொல்லிப் பெருமைப்படும் குறிப்பு, 1939-ஐப் பற்றி வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ஜெர்மனி படையெடுத்தபோது, எதிரே பறந்தவை பி.11-களும் பழைய பி.7-களுமே. பி.11-இன் விரைவு மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடவில்லை. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதனினும் மிக விரைவானது. அன்று காலையிலேயே மெத்வெட்ஸ்கி என்னும் படைத்தலைவர் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். அவருடன் எழுந்த நீஷ் என்னும் விமானி அதே காலையில் எதிரி விமானங்களை வீழ்த்தினார். முந்திச் சென்றவர்கள் பத்தாண்டில் பிந்தினர். பிந்திய நிலையிலும் வீரத்தில் குறையவில்லை. இவ்விரு உண்மைகளையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

ஒரு மறுப்பும் விடையும்

'சிறுவர் விளையாட்டுப் பொருளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். சிறுவர்க்கு என்பதால்தான் எதிர்பார்க்க வேண்டும் என்பது என் விடை. முதிர்ந்த வாசகர் ஒரு நூலில் பொய் கண்டால் வேறொரு நூலைத் தேடுவார். சிறுவனுக்கு முதலில் கையில் கிடைப்பதே நூல். அதிலும் இது கண்ணால் மட்டும் படிக்கும் நூலன்று; கையால் படிப்பது. ஏழு வாரம் கையால் படித்ததை அவன் எளிதில் மறக்கமாட்டான். அவன் மறக்க முடியாதபடி கற்பது உண்மையாக இருக்கட்டும்.

தோற்றுப்போன விமானத்திற்கு மாதிரி எதற்கு என்போரும் உண்டு. பி.1 தோற்றது என்பது உண்மையா? அது படையில் சேரவில்லை; ஆயின் அதன் இறக்கை நூற்றுக்கணக்கான விமானங்களில் பறந்தது. முன்மாதிரி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. பலவற்றிற்கு முன்னே செய்து பார்க்கும் ஒன்று என்பது ஒரு பொருள். பின்வருவோர் பார்த்து நடக்கத்தக்கது என்பது மற்றொரு பொருள். பி.1 முதற்பொருளில் முன்மாதிரி என்பதைத் தொகுதி நன்றாகக் காட்டுகிறது. இரண்டாம் பொருளிலும் அது முன்மாதிரியே என்பதைக் காட்டத் தவறிவிட்டது.

முடிவு

ஆகக்கூடி என் மதிப்பீடு இது. கோடும் சட்டமும் இறக்கையும் வரைந்த கை, மூலத்தை நன்கு கற்ற கை, அது பாராட்டுக்குரியது. வண்ணம் தீட்டிய கை, அழகை நாடி அளவு மீறிய கை. முதற்பக்கம் எழுதிய கையோ, அன்பினால் உண்மையை மறைத்த கை. வெட்டி ஒட்டுவோர் முதற் கையை நம்புக, இரண்டாவதை ஐயுறுக, மூன்றாவதற்குப் பதிலாகத் தாமே தேடிப் படித்துச் சிறுவர்க்குச் சொல்க.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். இத்தகைய தொகுதி ஒன்று வகுப்பில் கிடைத்தால், செய்து முடித்ததைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதோடு நில்லாதீர்கள். 'இதைச் செய்தவர் எங்கே இடறினார்? எப்படி எழுந்தார்?' என்று மாணவர்களை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கைவேலை அங்கே கட்டுரைப் பயிற்சியாகிறது. கட்டுரைப் பயிற்சி திறனாய்வாகிறது.

என் அலமாரியில் நிற்கும் விமானத்தின் இடப்பக்க இறக்கையைக் கூர்ந்து பார்த்தால், முன்விளிம்பில் மெல்லிய நெளிவு இன்னும் தெரியும். அதன்மேல் வேறு தாள் ஒட்டி மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். பேரன் வேண்டாம் என்றுவிட்டான்.